பக்கத்து இடம்

“சற்று நேரம் தேவ சமுகத்தில் காத்திருப்போம்” என்று போதகர் சொல்லி வாயை மூடுவதற்குள் அவளுடைய இடது கை கீபோர்டின் அடிக்கட்டைகளில் இறங்கிவிடும். வலது கை அவசரமில்லாமல் மேலே விரியும். எங்கோ தூரத்தில் நிறைய வயலின்கள் ஒரே மூச்சில் இழுப்பதுபோல ஒரு சத்தம் எழுந்து கூடத்தை நிரப்பும். காலடியில் இருக்கும் பெடலை மிதித்திருக்கும்வரை அது அறுந்துபோகாது. ஒன்று தேய்வதற்குள் அடுத்ததை அதன்மேல் ஒட்டவேண்டும்; ஒட்டிய இடம் தெரியக்கூடாது. வாரம் முழுவதும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிறவளுக்கு இது பழகிய வேலைதான்.

மரச்சாமான் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்திருந்த கூடம் அது. வெயில் ஏற ஏறக் கீழேயிருந்து வார்னிஷ் வாடையும் ஏறிவரும். காத்திருக்கும் நேரம் என்று ஒன்று ஒவ்வொரு ஆராதனையிலும் உண்டு. ஆனால் அதில் மௌனம் இருந்ததே இல்லை. சேர்ந்த புதிதில் அவள் ஒருமுறை கையை எடுத்துவிட்டபோது போதகர் பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: “வெறுமனே விடாதீங்கம்மா. முதல்ல ஒருத்தர் இருமுவார். அடுத்தவர் வாட்ச்சைப் பார்ப்பார். அப்புறம் நான் யாருக்குப் பிரசங்கம் பண்றது?” மைக் மேசையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ‘வால்யூம்’ என்றே கூப்பிடுவார்கள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு கை எடுத்ததில்லை.

தன் கூடப்பிறந்த அண்ணனை அடக்கம் செய்த அன்றும் எடுக்கவில்லை.

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். காய்ச்சல் என்று படுத்தவன் எழவேயில்லை. சபை முழுவதும் உபவாசம் இருந்தது. “எழுந்து நடப்பான்” என்று போதகர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் தோளைப் பிடித்துச் சொன்னார். அப்பா நம்பினார். வார்டுக்கு வெளியே தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், “எங்கேயோ விசுவாசம் குறைஞ்சிருக்கு” என்றார், ஆறுதல் சொல்கிற குரலில். அதிலிருந்து அப்பா சபைப்பக்கம் வரவில்லை. அடக்க ஆராதனைக்கு வாசிக்க வேறு ஆள் இல்லாததால் அவளே வாசித்தாள். பெட்டியைத் தூக்கியபோது அம்மா போட்ட கூச்சல் காதில் விழுந்ததும் அவளுடைய வலது கை தானாகப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது. “என்ன மனதைரியம் இந்தப் பொண்ணுக்கு!” என்று ஊரே மெச்சியது. அவள் இன்னும் அழவில்லை. தைரியமா மரத்துப்போனதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காத்திருக்கும் நேரத்தில் வாசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். கடைசி பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

எப்போது வந்தார், தெரியவில்லை. சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, பெஞ்சின் ஒரு ஓரத்தில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அவளுடைய கால் பெடலிலிருந்து நழுவியது. சத்தம் பட்டென்று நின்றது. கூடத்தில் மின்விசிறி சுற்றுவது முதல்முறையாகக் கேட்டது. அந்த இடைவெளியில், கண் மூடியிருந்த அத்தனை பேருக்கும் நடுவில், அப்பா எழுந்து நின்றார்.

கேட்கப்போகிறார். எல்லோர் முன்னாலும் போதகரைப் பார்த்து, எழுந்து நடப்பான் என்றீரே என்று கேட்கப்போகிறார். போதகரும் கண்ணைத் திறந்துவிட்டார், முகம் வெளுத்திருந்தது. அவள் இரண்டு கைகளையும் கட்டைகளில் வைத்து அழுத்தினாள். வால்யூமைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினாள். அவர் ஏற்றினார். சத்தம் சுவரிலிருந்து சுவருக்கு நிறைந்தது. போதகர் கையை உயர்த்தி அவசரமாக முடிவு ஜெபத்தைத் தொடங்கினார். அப்பா பக்கவாட்டில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா எழுந்ததும் என்னவோ ஏதோன்னு ஆயிடுச்சு” என்றார் வால்யூம், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. “நல்லவேளை, நீ சமாளிச்சுட்டே பாப்பா.”

வீட்டில் அம்மா பொரிந்து தள்ளினாள். “இத்தனை மாசம் கழிச்சு வந்தவர் வந்த காலோட எழுந்து நிக்கணுமா? எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. என்ன சொல்லப் பாத்தீங்க?”

“ஒண்ணும் சொல்லப் பாக்கல. நின்னேன், அவ்வளவுதான்.”

“நிக்கிறதுக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கே. அங்க போய் நிக்க வேண்டியதுதானே?”

“அங்க படுத்துப் படுத்துதானடி ரிட்டயர் ஆனேன்” என்றார் அப்பா. பணிமனையில் பஸ்களுக்கு அடியில் படுத்து வேலை செய்தவர் அவர். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா தம்ளர்களைக் கழுவினார். அவள் துடைத்து வைத்தாள்.

“பாஸ்டரைத் திட்டப்போறேன்னு நினைச்சியா?”

“ஆமாப்பா.”

“திட்டணும்னுதான் வந்தேன். என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு ஒவ்வொரு வார்த்தையா சேத்து வெச்சிருந்தேன்.” குழாயை மூடினார். “நீ நடுவுல நிறுத்தினே பாரு. அப்போ யாரோ வந்து பக்கத்துல உக்காந்தாங்க. பெஞ்சு லேசா அமுங்கினது தெரிஞ்சுது. முதல்ல உங்க அண்ணன்னு நினைச்சேன். அவன் இல்ல. அவன் உக்காந்தா காலை ஆட்டிக்கிட்டே இருப்பான்.”

அவள் துணியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“யாருன்னு தெரிஞ்சுது. சேத்து வெச்சது ஒண்ணும் வாயில வரல. எழுந்து நின்னேன். பெரியவங்க வந்தா நிக்கிறதில்லையா, அந்த மாதிரி.”

“அப்புறம்?”

“நீ வாசிக்க ஆரம்பிச்சே. திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல.” அவள் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னார். “உன்னைக் குறை சொல்லலம்மா. நல்லாத்தான் வாசிச்சே.”

அந்த வாரம் கடையில் இரண்டு கண்ணாடிகளின் ஓரத்தை உடைத்தாள். ஒரு கீபோர்டின் சத்தத்துக்குக் கடவுள் எழுந்து போய்விடுவாரா? போய்விடுவார் என்றால் அவர் என்ன கடவுள்? போகமாட்டார் என்றால் பெஞ்சு ஏன் காலியாக இருந்தது? மகனைப் பறிகொடுத்தவரின் மனமயக்கம் என்றும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். என்ஜினில் கேட்காத சத்தத்தைக் கேட்டதாக ஒருநாளும் சொன்னவரில்லை. சாயங்காலம் அறையில் முழங்கால் போட்டுப் பார்த்தாள். ஜெபம் வரவில்லை. விரல்கள் மட்டும் கட்டிலின் விரிப்பில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் போதகரிடம் போனாள்.

“நாளைக்குக் காத்திருக்கிற நேரத்துல நான் வாசிக்கல, பாஸ்டர்.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா இருப்போம். நாளைக்கு மட்டும்.”

அவர் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். நேராக இருந்ததையும் மறுபடி நேராக்கினார். “அப்பா வருவாரா?”

“தெரியல.”

“வந்து, எழுந்து நின்னு, என்னைக் கேட்டா?” என்றார். குரல் மேடையில் கேட்கிற குரலாக இல்லை. “நான் ஆஸ்பத்திரியில சொன்னது… அது ஆண்டவர் சொல்லச் சொன்னதா, நானா சொன்னதான்னு எனக்கே தெரியலம்மா. சத்தம் நின்னா அதுதான் எனக்குக் கேக்கும்.”

இந்த மனிதரும் இத்தனை காலம் என் கைகளுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தாரா என்று அவளுக்குத் தோன்றியது. “எனக்கும் பயமாத்தான் இருக்கு, பாஸ்டர்” என்றாள். அவர் அடுத்த நாற்காலியை நேராக்கப் போனார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா வந்திருந்தார். அதே கடைசி பெஞ்சு.

“காத்திருப்போம்” என்றார் போதகர். அவளைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அவள் கைகளை மடியில் வைத்தாள்.

மின்விசிறி சுற்றியது. போதகர் சொன்னதுபோலவே ஒருவர் இருமினார். வால்யூம் தன் மைக் பெட்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பொத்தான்களைத் திருகிப் பார்த்து, பிறகு கையை எடுத்துக்கொண்டார். கீழே கடையில் கனமான எதையோ தரையோடு இழுக்கிற சத்தம் வந்து நின்றது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அவள் அப்பாவையே பார்த்தாள். வரட்டும், அவருக்கு வரட்டும், நான் கெடுத்தது திரும்ப வரட்டும் என்று அவளுடைய உடம்பு முழுவதும் கேட்டது. அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது அவருடைய தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்போதுதான் அம்மாவின் கூச்சல் அவளுக்குக் கேட்டது. அம்மா முன்வரிசையில் வாய் மூடி அமைதியாகத்தான் இருந்தாள். இது அன்றைய கூச்சல், பெட்டியைத் தூக்கியபோது எழுந்தது, அவள் சத்தத்தைக் கூட்டி மூடியது. முழுதாகக் கேட்டது. அதன் பின்னாலேயே அண்ணன் செத்துப்போனான் என்பது, யாரோ இன்றுதான் வந்து சொன்னதுபோல, வந்து சேர்ந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கிடையில் ஒரு சத்தம் வெளியே வந்தது, அவளுடையதுதான். அதை மூட எதுவும் இல்லை. மூடச்சொல்லி யாரும் சொல்லவுமில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அவள் அழுவதை யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது, எந்த அவசரமும் இல்லாமல், தைரியமாக இரு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அடக்கத்தன்று அவள் கீபோர்டுக்குப் பின்னால் இருந்தபோதே வந்துவிட்டு, இவ்வளவு நாளாக இந்த அழுகைக்காகவே நின்றுகொண்டிருந்ததுபோல. ஆறுதலாக இருந்தது என்று சொல்லமுடியாது. வலித்தது. ஆனால் அந்த வலியில் அவள் தனியாக இல்லை.

எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். அப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவருடைய கண்களும் சிவந்திருந்தன. வந்தாரா என்று கேட்பதுபோல அவள் புருவத்தைத் தூக்கினாள். இல்லை என்று அவர் மெல்லத் தலையசைத்தார். அவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. இருவருமே நகர்ந்து வரவில்லை.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. தாமதமாக வந்த ஒருவர், கூடமே இப்படி மூச்சடக்கி இருப்பதைக் கண்டு வாசலிலேயே தயங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் அவர்கள் பெஞ்சருகே வந்து நின்றார். நடுவில் இருந்த இடத்தைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

அப்பா கிரீஸ் கறை நிரந்தரமாகப் படிந்த தன் அகன்ற உள்ளங்கையை விரித்து அந்தக் காலி இடத்தின்மேல் வைத்தார். வந்தவர் தலையசைத்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார். அவர் போன பிறகும் அப்பா கையை எடுக்கவில்லை.