மஞ்சள் முக்கோணம்

நான் பெங்களூருக்குக் கிளம்ப இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அதற்குள் அப்பாவின் கணினியில் ஐந்து பட்டன்களை ஒழுங்காக வரைந்து முடிக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். இடது கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. வலது கண்ணில் நடுவே கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்பார். டாக்டரிடம் நானும் வருகிறேன் என்றால், "இங்க இருக்கற சயானுக்குப் போறதுக்குத் துணை எதுக்குடீ? முப்பத்தாறு வருஷம் லோக்கல் ட்ரெயின்ல தொங்கினவன் நான்" என்பார். செம்பூரில் எங்கள் கட்டட வாட்ச்மேன் அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிவிடுவார். திரும்பி வந்ததும் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். சாவி அவரிடம்.

ரேடியோவிலிருந்து அவர் கேசட்டில் பதிந்த பழைய கிரிக்கெட் வர்ணனைகள் கணினியில் இருநூற்றுப் பத்து கோப்புகளாக இருக்கின்றன. அவற்றைப் போடும் பிளேயரின் பட்டன்கள் கடுகளவு. அதன் தோற்றத்தை நாமே மாற்றலாம். பட்டனுக்கு ஒரு படம் வரைந்து, உரிய பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி ஏற்ற வேண்டும். எம்.எஸ்ஸி. இயற்பியலில் இதெல்லாம் வரவில்லை. இணையத்தில் பார்த்துக் கற்றேன். அப்பாவிடம் சொல்லியிருந்தேன்: "நீங்களே பாத்து பட்டனை அமுக்கிட்டா நான் போறேன். இல்லேன்னா இல்லை." பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. இரண்டு வருடம் அலைந்து கிடைத்தது.

எதிர்வீட்டு அம்மிணி மாமிக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏண்டி அம்மு, ஒரு ரேடியோ வாங்கிக் குடுத்தா போறாதோ?"

"அதுல இன்னிக்கி மேட்ச் வரும் அம்மிணி" என்றார் அப்பா. "யார் ஜெயிப்பான்னு தெரியாம எனக்குப் படபடன்னு வரும்."

ஆறு தொகுப்புகள் வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. "இது நீலம்பா" என்றால், "நீலம் மங்கலா இருக்கு, மாத்து" என்பார். "இப்ப மஞ்சள்" என்றால், "இது எடுப்பா இருக்கு. நிறுத்தற சதுரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு" என்பார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் நிறத்தை முதலில் சொன்னது நான்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஏழாவது தொகுப்பை ஏற்றிக்கொண்டிருந்தபோது பால் பொங்கும் வாசனை வந்தது. சமையலறைக்கு ஓடி அடுப்பைத் தணித்தேன். "ஆயாச்சுப்பா, கறுப்புல மஞ்சள் முக்கோணம். பாருங்கோ" என்று அங்கிருந்தே சொன்னேன்.

திரும்பி வந்தால் திரையின் அடியில் வெறும் சாம்பல் நிறப் பட்டை. படங்கள் இருந்த கோப்புறையை இன்னொரு கோப்புறைக்குள் வைத்துப் பொதி கட்டியிருக்கிறேன். பிளேயருக்கு ஒரு படம்கூட அகப்படவில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மவுஸை இடப்பக்கம் இழுத்துக் கீழே தள்ளினார், அம்பு திரையின் மூலையில் முட்டும்வரை. பிறகு அரை விரல் வலப்பக்கம் நகர்த்தி அமுக்கினார். படம் இல்லாவிட்டாலும் பட்டனின் இடம் மாறவில்லை; வர்ணனை தொடங்கியது. அவர் இப்படிச் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழக்கமில்லாத கை என்று நினைத்திருந்தேன்.

"பேஷ்" என்றார். "இப்பதான் பளிச்சுன்னு இருக்கு. முக்கோணம் என்ன மஞ்சள் பாரு! போடீ, போய்ப் பெட்டியைக் கட்டு."

பெட்டி கட்டில் மேல் திறந்து கிடந்தது. பொதியைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆகாது. சரிசெய்துவிட்டு, எதுவும் கேட்காமல், சொன்ன நாளில் ரயிலேறலாம். அவருக்கும் அதுதான் வேண்டும்.

"அப்பா."

"ம்."

"திரைல ஒரு பட்டனும் வரலைப்பா. நான் தப்பாக் கட்டிட்டேன். வெறும் பட்டைதான் இருக்கு."

வர்ணனையில் யாரோ அவுட்டானார். மைதானமே கத்தியது. அப்பா மவுஸை மூலைக்குத் தள்ளி, அரை விரல் நகர்த்தி, அமுக்கினார். கூச்சல் பாதியில் அறுந்தது. அடுப்பை நான் அணைக்கவில்லை என்பது தீய்ந்த வாசனையில் தெரிந்தது. அப்பாவின் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பி, என்னைத் தாண்டி, பெட்டியிருந்த இடத்தில் நின்றது.

"கணபதி பண்டிகைக்கு முன்னாடியே வலது கண்ணும் போயிடுத்து, அம்மு."