கரண்ட்டில் காய்ச்சிய பீர்

யோலிஸ்வாவுக்குப் புகுந்த வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. கல்யாணமாகி ஒரு குளிர்காலம் போய் அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. கோசா இனத்தார் வீடுகளில் மருமகளாக வருகிறவளுக்குப் புகுந்த வீட்டார் புதுப் பெயர் சூட்டுவார்கள். அதற்கப்புறம்தான் அவள் அந்த வீட்டுப் பெண். அதுவரை வெறும் மகோட்டி, அதாவது மருமகள். பெயர் சூட்ட வேண்டியவள் மூத்த நாத்தனார் தோசாமா. அவளோ கல்யாணத்தன்றே சொல்லிவிட்டாள்.

"முதல்ல அவ காய்ச்சின பீரை ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேன். பேரு எங்க ஓடிப்போகுது?"

இப்போது அந்த நாள் நெருங்கிவிட்டது. ல்வாண்டிலே என்ற கொழுந்தன் காட்டுக் குடிசையில் சடங்கு முடித்து, ஆண்மகனாக வீடு திரும்பப் போகிறான். சனிக்கிழமை எசிபெலெனிப் பேட்டையே வாசலில் வந்து நிற்கும். வருகிறவர்களுக்கும் முன்னோருக்கும் உம்கொம்போத்தி வேண்டும். மக்காச்சோள மாவையும் முளைகட்டிய சோளத்தையும் புளிக்க வைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, நுரைக்க விட்டு வடிகட்டும் பீர் அது. காய்ச்ச வேண்டியவள் மருமகள்தான்.

யோலிஸ்வா கடலோர நகரத்து மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். விறகடுப்பில் அண்டா வைத்துக் கிண்டச் சொன்னால் நிச்சயம் அடிபிடிக்க விடுவாள், ஊர் அதை அவள் பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லிச் சிரிக்கும். அது அவளுக்கே தெரியும். ஆனால் அவள் எலெக்ட்ரீஷியன். கோமானி நகரத்தில் பாதிக் குளியலறைகளின் கீசர் அவள் கைபட்டதுதான். ஒரு நாள் யாரோ வீட்டுப் பழைய கீசரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்த காயிலைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தண்ணீரைக் கொதிக்க வைக்கிற இது கஞ்சியைக் கொதிக்க வைக்காதா? காயிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள்.

முதல் சோதனை மண்ணைக் கவ்வியது. காயிலை நேராகக் கஞ்சிக்குள் இறக்கிவிட்டாள். கஞ்சி தண்ணீரைப் போல நகர்ந்து கொடுக்குமா என்ன? காயிலைச் சுற்றித் தாராகக் கருகி ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தோசாமா வந்து சேர்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள், காயிலை ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தாள்.

"முன்னோருக்குக் கரியக் கரைச்சுக் குடுக்கப்போறியா, மகோட்டி? புகையில கண்ணு எரிஞ்சு தண்ணி வராம எவளாவது பீர் காய்ச்சியிருக்காளா?"

யோலிஸ்வாவின் கணவன் ம்சுகிசி சிரிப்பை மறைக்கக் கோட்டுக் காலரை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆத்திரத்திலேயே விடையும் வந்தது. சூடு கஞ்சியைத் தொடவே கூடாது. தண்ணீரைத்தான் தொட வேண்டும்.

பெரிய டிரம், அதற்குள் சின்ன டிரம். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். தண்ணீருக்குள் காயில், பக்கவாட்டில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கீசரின் தெர்மோஸ்டாட், அடியில் தண்ணீரைத் திறந்துவிட ஒரு குழாய். எர்த் கம்பியை மட்டும் மும்முறை சோதித்தாள். முன்னோரைப் பார்க்க அவளுக்கு அவசரமில்லை. சுவிட்சைப் போட்டாள். சின்ன டிரம்முக்குள் கஞ்சி மெல்லக் கனத்து, பொளக் பொளக் என்று பேச ஆரம்பித்தது. துடுப்பை அடி வரை விட்டுத் துழாவினாள். துளிகூடப் பிடிக்கவில்லை. கொல்லையிலேயே ஓர் ஆட்டம் போட்டாள். ம்சுகிசியும் சேர்ந்துகொண்டான், மானஸ்தன்.

நாள்கணக்கு மட்டும் தோசாமா சொன்னபடியே. புதன்கிழமை காய்ச்சி, வியாழன் காலையில் இன்னும் கொஞ்சம் முளைச்சோளத்தைக் கலந்து மூடினால், சனி காலையில் நுரை கட்டும். மற்ற பெண்கள் டிரம்முக்குக் கம்பளி போர்த்துவார்கள். யோலிஸ்வாவுக்குக் கம்பளி எதற்கு? தெர்மோஸ்டாட்டை இளஞ்சூட்டுக்குத் திருப்பிவிட்டுக் கால்நீட்டிப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூடியைத் திறந்தாள். நுரை விளிம்பு வரை ஏறி, பீர் சளசளவென்று பாடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. தோசாமாவின் கணக்கு, உறைபனியில் நடுங்கும் டிரம்முக்கான கணக்கு. இவளோ ஜூலை மாதக் கடுங்குளிரில் பீருக்குக் கோடைகாலத்தைக் கொடுத்துவிட்டாள். இப்படியே போனால் நாளை மத்தியானம் வருகிறவர்கள் புளித்துப்போன காடியைத்தான் குடிப்பார்கள்.

கடையில் அட்டைப்பெட்டியில் விற்கிற இதே பீரை வாங்கி டிரம்முக்குள் ஊற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றான் ம்சுகிசி. அவள் பார்த்த பார்வையில் அவன் தேநீர் போட உள்ளே போய்விட்டான்.

யோலிஸ்வா டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கை தானாக அடிக்குழாயின் மேல் போய் நின்றது. சூடு ஏறிய வழியாகவே குளிரும் ஏறலாமே. சட்டென்று சுவிட்சை அணைத்தாள். குழாயைத் திறந்து வெந்நீரை முழுக்க வெளியேற்றினாள். தோட்டத்து ரப்பர் குழாயை இரண்டு டிரம்முக்கும் நடுவில் சொருகிப் பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டாள். விரலை மரக்கச் செய்யும் தண்ணீர். அவளுக்குச் சந்தோஷத்தில் சத்தம் போட வேண்டும் போலிருந்தது.

திரும்பினால் தோசாமா, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். யோலிஸ்வா எதையும் மறைக்கவில்லை. சூடு வைத்தது, சீக்கிரம் பொங்கியது, இப்போது குளிர வைப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தோசாமா கிட்டே வந்து டிரம்மில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு ஆடுகளின் தண்ணீர்த்தொட்டியில் இரவு உறைந்திருந்த பனித்தகட்டை உடைத்து, வாளியில் அள்ளி வந்து, இரண்டு டிரம்முக்கும் நடுவில் கொட்டினாள். மறுபடி காதை வைத்தாள்.

"தூங்கிருச்சு," என்றாள். "காலையில வடிகட்டு."

சனிக்கிழமை கூட்டம் வாசல் தாண்டி நின்றது. காய்ச்சினவள்தான் முதல் மடக்கு குடிக்க வேண்டும். யோலிஸ்வா முழங்காலிட்டுக் குடித்துவிட்டு, தகரக் குவளையை ம்சுகிசியின் பெரியப்பா ஜோங்கிலிஸ்வேயிடம் நீட்டினாள். அவர் குடித்தார், மீசை நுரையைத் துடைத்தார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். குவளை வரிசை முழுக்கச் சுற்றிக் காலியாகத் திரும்பியது. அவர் அதை மறுபடி அவளிடமே நீட்டினார், நிரப்பச் சொல்லி.

தோசாமா எழுந்து முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"இந்த வீட்டு மகோட்டிக்கு இன்னிக்குப் பேரு வைக்கறேன். நோம்பானே."

பிறகு பெண்கள் குலவையிட்டார்கள், கிழவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கோசா மொழியில் உம்பானே என்றால் கரண்ட். நோம்பானே, கரண்ட்டுக்காரி. யோலிஸ்வா குனிந்து குவளையை நிரப்பிக்கொண்டே இருந்தாள். அது வழிந்து ஓடுவதுகூடத் தெரியவில்லை.

தோசாமா பக்கத்தில் வந்து அவள் முகவாயை நிமிர்த்தினாள்.

"புகையே இல்லாமத்தானே காய்ச்சின? அப்புறம் எதுக்குக் கண்ணைக் கசக்கற, நோம்பானே?"