காணாமல் போகாத ஆடு

மாலையில் நன்றாக நடந்தால் தூக்கம் தானாக வரும் என்று கிழவர் மனூசோஸிடம் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலிருந்த அந்த மலையூரில், வயதானவர் நடந்துபோவதைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாதவன் மனிதனே இல்லை.

"ஏறுங்க மாமா."

"சும்மா நடக்குறேன்பா."

"சும்மா யாராச்சும் நடப்பாங்களா? வீட்டுல சண்டையா?"

ஏற்றிக்கொண்டுபோய், ராக்கிச் சாராயம் ஊற்றிக்கொடுத்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். பொட்டுத் தூக்கம் இல்லை.

ஒரு நாள் கையில் கயிற்றோடு கிளம்பி, தொலைந்த ஆட்டைத் தேடுவதாகச் சொன்னார். காரணம் இருந்ததால் ஊர் அவரை நடக்கவிட்டது. அன்று அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது. சீக்கிரமே, தூக்கம் வராத மற்ற கிழவர்களும் தேட வந்துவிட்டார்கள். மனூசோஸ் ஆடு வளர்த்ததே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை, நன்றாகத் தூங்கினார்கள்.

ஞாயிறன்று பாதிரியார் ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கோயிலுக்குப் பின்னாடி நின்னுச்சு. இனிமே நீங்க யாரும் அலைய வேண்டாம்."

கிழவர்களின் முகம் தொங்கிப்போனது. மனூசோஸ் ஆட்டைக் கொம்பிலிருந்து வால்வரை பார்த்தார்.

"என்னுதுதான் சாமி. ஆனா தொலைஞ்சது ரெண்டு."

"மூணு," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் திருத்தினார்.