நேற்று வந்த அக்கா

மாப்பிள்ளை நீட்டிய டீயை அண்ணன் வாங்கவில்லை. பிணவறைப் படியில் நின்றபடியே, "செருப்பு எங்க?" என்று கேட்டார்.

"என்ன செருப்பு?"

"என் தங்கச்சி செருப்பு. தோடு, வளையல் எல்லாம் கொடுத்தாங்க. செருப்பை மட்டும் காணோம்."

மாப்பிள்ளை டீயைப் பார்த்துக்கொண்டே, "கடல்ல போயிருச்சு போல" என்றார்.

செருப்புக் கடைக்காரரிடம் சொல்லக்கூடிய பொய்யா இது? சின்ன வயதுக் காய்ச்சலில் தங்கைக்கு இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. தொழில் கைவந்த நாளிலிருந்து அவளுக்கு மட்டும் இடது அடியை உயர்த்தி அவரே தைத்துக் கொடுத்துவந்தார். அது இல்லாமல் அவள் அடுப்படிக்குக்கூடப் போகமாட்டாள். ஓடாதே, விழுந்துடுவே என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தவர், நாற்பதைத் தாண்டியவளை ஒரு மருந்துக்கடைக்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தபோதே மனசு ஒப்பாமல்தான் கொடுத்தார். முதல் பெண்டாட்டியும் திடீரென்று போனவள். இப்போது இவளும், இந்தத் தீவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், பட்டப்பகலில், மணலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். மருந்து தெரிந்த கை. யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் போலீஸ்காரர் அண்ணனைத் தனியே அழைத்தார். "கூடப்பொறந்தவர் நீங்க. சந்தேகம்னு ஒரு வார்த்தை சொன்னா அவரை இங்கயே நிறுத்திட்டு, பாடியை அறுத்துப் பார்க்கணும். இல்லேன்னா சாயங்காலப் படகுலயே கொண்டுபோயிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் நேராக மாப்பிள்ளையிடம் வந்தார். "நேத்து எங்கெங்க போனீங்களோ, அங்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"எங்கயும் பெருசா போகலைங்க. மெதுவா நடந்தோம். நிழல்ல உட்கார்ந்தோம்."

"அந்த நிழலைக் காட்டுங்க."

தென்னைகளுக்கு நடுவே மணல் பாதை போய்க்கொண்டே இருந்தது. ஆள் அரவமே இல்லை. கொலை செய்ய வசதியான இடம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். பாறைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஒரு சின்னக் கடற்கரையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவள், மாப்பிள்ளையைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"என்ன சார், அக்கா வரலையா? நேத்து அந்தப் பாறை மேல ஏறி நின்னு என்னமா விசில் அடிச்சாங்க! மிரண்டு ஓடுன என் நாய் இன்னும் வீடு திரும்பல."

மாப்பிள்ளை கடலைப் பார்த்தார். அண்ணனுக்குச் சுருக்கென்றது. என் தங்கையா? பாறை மேலா? போனை எடுத்துக் காட்டினார். அவரிடம் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான்; அதிலும் அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

இளநீர்க்காரி போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்தும் பார்த்தாள். "இவங்க இல்லைங்க. அந்தக்கா என்னா பேச்சு, என்னா சிரிப்பு! இது யாரோ, பாவம், பயந்த மாதிரி இருக்காங்க."

ஆக, வேறொருத்தி. அண்ணனுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. தங்கையை அறையில் படுக்கப்போட்டுவிட்டு இன்னொருத்தியோடு ஊர் சுற்றியிருக்கிறான். இவளுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. அதற்கப்புறம்?

"யாரு அந்தப் பொம்பளை?"

"வாங்க, போயிடலாம்" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா, போலீஸ்கிட்டப் போயிடலாம்."

அண்ணன் விறுவிறுவென்று நடந்தார். மாப்பிள்ளை ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தார். பாதை மேடேறிச் சாலையைத் தொடும் இடத்தில் வாடகைச் சைக்கிள் கொட்டகை ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"சார்! வீட்டம்மா செருப்பு இங்கயே கிடக்குதே!"

செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிவைத்திருந்ததைப் பிரித்தார். பழுப்புத் தோல். இடது அடி மட்டும் உயரம். விளிம்பில் ஓடிய தையலைப் பார்த்ததுமே அண்ணனுக்குத் தன் கை தெரிந்துவிட்டது.

"கனமா இருக்கு, மிதிக்க வரலைன்னு இங்கயே கழட்டிப் போட்டுட்டாங்க. வெறுங்கால்தான். இந்த இறக்கத்துல ரெண்டு காலையும் தூக்கிட்டுப் போறாங்கங்க! நான் கத்துறேன், கேட்டாத்தானே? அப்புறம் யாரோ ஒரு பையன்தான் சைக்கிளைக் கொண்டாந்து விட்டான். எங்க, அம்மா வரலையா?"

அண்ணன் செருப்பை வாங்கி மணலைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏன் மறைச்சீங்க?"

"அவதான்..." மாப்பிள்ளையின் குரல் உடைந்தது. "கடைக்குப் பின்னாடி வெச்சு நான்தான் சைக்கிள் சொல்லிக்கொடுத்தேன். 'அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அது தூங்காது'ன்னு சத்தியம் வாங்கிட்டா. அப்புறம் இப்படி ஆயிடுச்சு. ஓட்ட விட்டு நானே கொன்னுட்டேன்னு நினைப்பீங்களோன்னு பயந்தேன். எனக்கே அந்த நினைப்புத்தான் ஓடுது."

அண்ணனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நேற்று ராத்திரி சேதி வந்தபோதுகூட வராத அழுகை. அவள் விசில் அடிப்பாள் என்று இளநீர்க்காரிக்குத் தெரிந்திருக்கிறது, அந்த நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தூக்கி வளர்த்தவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வேறு.

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலப் படகுக்கே சொல்லிடுங்க, மாப்ள" என்றார். செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எந்த இறக்கம்?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை கை காட்டினார்.

"விழுந்தாளா?"

"ஒரு தடவை."

"ஐயோ, அடி கிடி பட்டுச்சா?"

"முட்டியில சிராய்ப்பு. நான் மருந்தை எடுக்கறதுக்குள்ள மறுபடியும் ஏறிட்டா."

அண்ணன் சாலையைப் பார்த்தார். அது வளைந்து வளைந்து கடல்வரைக்கும் இறங்கியது. நடுவில் ஒரு ஆடு மட்டும் படுத்திருந்தது.