ஒக்கூர் ஊருணியில் ஓர் எருமை

நாச்சியம்மை ஆச்சி வீட்டுக்கு நான் தரவேண்டியது பதின்மூன்று ரூபாய் இரண்டணா. அதற்கு ஈடாக என் மனைவி ஒச்சம்மாளின் தண்டட்டி இரண்டும் அந்த வீட்டுப் பெட்டிக்குள் இருந்தன. தை பிறப்பதற்குள் கட்டாவிட்டால் மூழ்கிவிடும்.

"காது சும்மா ஊஞ்சலாடுது. காக்கா வந்து உக்காந்தா நீங்கதான் வெரட்டணும்" என்று அவள் தினமும் இடித்துக்காட்டுவாள்.

காரைக்குடியில் மூட்டை சுமப்பது என் தொழில். நாற்பது வயதுக்கு மேல்தான், அல்லாபிச்சை கடையில் இறக்கும் மூட்டைகளில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினேன்.

அந்த வருடம் ஆச்சி ஒரு சித்திரப் புத்தகம் போட நினைத்தார். ரங்கூனிலேயே பிறந்து வளரும் பேரப்பிள்ளைகள் நம் ஊர்களைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசை. பட்டணத்திலிருந்து ஓவியர் ஒருவர் வந்தார். அவர் பெட்டியைச் சுமக்கவும் குடை பிடிக்கவும் என்னை அனுப்பினார்கள். இளையாத்தங்குடிக் கோயில், கோட்டையூர் வீதி, செம்மண் பொட்டல் எல்லாம் வரைந்தார். கடைசியாக ஒக்கூர் ஊருணி. அது ஆச்சி பிறந்த ஊர். அங்கே குடத்தைத்தான் முக்குவார்கள்; குடிக்கிற தண்ணீரில் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள்.

"வெறும் தண்ணீரா இருந்தா படத்துக்கு உயிர் இல்லையே" என்று சொல்லி, ஓவியர் தாளில் ஊருணி நடுவே ஓர் எருமையை இறக்கிவிட்டார்.

குடிக்கிற தண்ணீரில் எருமையா! சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார், பழி என் தலையில் விழும், தண்டட்டி போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

கார்த்திகைக் கடைசியில் இருநூறு புத்தகங்கள் அச்சாகி வந்தன. கட்டுகளை நான்தான் சுமந்துபோய் இறக்கினேன். ஆச்சிக்குக் கண்ணில் புரை. ஒரு புத்தகத்தைப் பிரித்து மூக்கில் படும்படி வைத்துப் பார்த்தார். ஊருணிப் படம் வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஊருத் தண்ணி! கண்ணாடி கணக்கா இருக்குல்ல, சோணை? நடுவுல கறுப்பா இருக்கே, பாறையா?"

கணக்குப்பிள்ளை முத்துராமன் பின்னால் நின்று எனக்குக் கண் காட்டினார். ஆமென்று சொன்னால் போதும். ஆச்சி சந்தோஷமாக இருப்பார். ஆனால் ரங்கூன் பிள்ளைகளுக்குக் கண்ணில் புரை இல்லையே.

"எருமை, ஆச்சி."

"ஊருணிக்குள்ளயா?"

"நல்லா முங்கிக் கெடக்கு."

ஆச்சி புத்தகத்தைக் கீழே வைத்தார். "நீதானே குடை பிடிச்ச? அன்னைக்கு வாய் எங்குட்டுப் போச்சு?"

"உங்க பெட்டிக்குள்ள கெடந்துச்சு ஆச்சி, தண்டட்டியோட."

சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. ஆச்சியின் உதடு துடித்தது. "எருமை குளிச்ச தண்ணியக் குடிச்சு வளந்தவ நம்ம அப்பத்தான்னுல்ல பேரப்பிள்ளைக நெனைக்கும். அந்தத் தாளக் கிழிச்சுருங்க."

"கிழிச்சா தண்ணியும் சேந்து போயிருமே ஆச்சி. படத்துக்குக் கீழ எடம் இருக்கு. உள்ளத எழுதிரலாம்."

"இருநூறு புத்தகத்துலயுமா?" என்று முத்துராமன் பதறினார்.

"நீங்க செரமப்பட வேணாம். உங்க எழுத்த நீங்கதான் வாசிக்க முடியும். நான் எழுதுறேன்."

"கைநாட்டு வச்ச ஆளு எழுதுறானாம்!"

"அது மூணு வருசத்துக்கு முந்தி வச்சது."

புத்தகத்துக்கு ஓரணா, கடனில் கழித்துக்கொள்வது என்று ஆச்சி முடிவு சொன்னார்.

காலையில் மூட்டைக்குப் போகுமுன் பத்துப் பன்னிரண்டு எழுதுவேன். முதல் புத்தகத்திலேயே மை சொட்டியது. நல்லவேளை, எருமை மேல் விழுந்தது. இரண்டு மூட்டை சேர்ந்து சுமந்தாலும் வலிக்காத தோள், ஒரு பேனாவைப் பிடித்ததற்கு அப்படி வலித்தது. எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

மார்கழி முடிய ஐந்து நாள் இருக்கும்போது கடைசிப் புத்தகமும் முடிந்தது.

"வாசி" என்றார் ஆச்சி.

விரல் வைத்து வாசித்தேன். "இந்த எருமை ஓவியர் கொண்டுவந்தது. ஒக்கூர் ஊருணியில் நாங்கள் காலைக்கூட நனைப்பதில்லை."

ஆச்சி இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்து தண்டட்டியை எடுத்து என் துண்டில் வைத்தார்.

முத்துராமன் பேரேட்டை விரித்தார். "பன்னெண்டரை ரூபா வரவு. இன்னும் பத்தணா நிக்குது, ஆச்சி."

"தள்ளுபடி பண்ணு."

"எந்தக் கணக்குல எழுதட்டும்?"

"எருமைய எருமைன்னு சொன்னான்ல, அந்தக் கணக்குல."

அவர் என்னைப் பார்க்காமல், என் பழைய கைநாட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.