வேலியோரத்துப் பேய்மிரட்டி

என் புருஷன் கலந்தர் மௌத்தாகிவிட்டார், இனி உயிரோடு இல்லை என்று முடிவானது ஒரு வெள்ளிக்கிழமை. என்னை ஒருவரும் கேட்கவில்லை. சூறாவளி அன்று வள்ளத்தில் போனவர். வள்ளமும் கரைக்கு வரவில்லை, அடக்குவதற்கு மையித்தும் வரவில்லை. நாலு வருஷம் பார்த்தாயிற்று, இனி ஸம்ஸியா இத்தா இருக்கத்தான் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்துக்கொண்டு, அந்நிய ஆண் முகம் பாராமல் வீட்டோடு கிடக்க வேண்டும். கிடந்தேன். ஆனால் உயிரோடு எங்கேயோ இருக்கிற மனுஷனை நான்தான் சாகடித்துவிட்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

இத்தா தொடங்கிய மறுநாளே என் மதினி சுல்பிகா வந்தாள். கலந்தரைக் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற தங்கச்சி. தனியாகக் கிடக்கிற பெண்ணைக் காத்துக்கருப்பு அண்டும் என்று, சொறிக்கல்முனைப் பக்கத்து மேட்டுநிலத்தில் பிடுங்கிய பேய்மிரட்டிக் கன்றுகளை ஓலை வேலிக்கு வெளியே வரிசையாக நட்டாள். கச்சான் காற்று அனலாக வீசுகிற காலம். வேர் பிடிக்கும்வரை இரண்டு கிழமை ஓலைக்கு மேலால் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு எந்த வெயிலுக்கும் அசையாது என்றாள். நான் ஒரு சொட்டும் ஊற்றமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். யாரை மிரட்டுவதற்கு இது? என் வேலிக்கு வந்தால் கலந்தர்தான் வருவார். அவரைத் துரத்த ஒரு செடியா? காய்ந்து சாகட்டும் சனியன் என்று விட்டுவிட்டேன்.

அது சாகவில்லை. ஊரில் புல்லெல்லாம் கருகியும் அந்தச் செடி மட்டும் கம்பளித் துணி போன்ற இலையை விரித்துக்கொண்டு நின்றது. அதன் காரவாசனை வீட்டுக்குள் வரைக்கும் வந்தது.

நட்டு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சுபஹ் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவுகிற நேரம், வேலிக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. இடதுகாலை மணலில் இழுத்து வைக்கிற நடை. அந்த நடையைப் பதினொரு வருஷம் கேட்டவள் நான். வேலியோரமாக நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. பிறகு கடற்கரைப் பக்கம் போய்விட்டது. ஓலை இடுக்கால் விரலை விட்டுப் பார்த்தேன். மணல் ஈரம். நாக்கில் வைத்தேன். உப்பு.

நாலு வருஷம் கடலில் கிடந்த மனுஷன் வேறு எப்படி வருவார்?

பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தோஷமும் இருந்தது. ஒவ்வொரு சுபஹுக்கும் வந்தார். எட்டிப் பார்க்க மட்டும் துணியவில்லை. பார்த்தால் போய்விடுவார், அல்லது ஏன் என்னைச் சாகடித்தாய் என்று கேட்டுவிடுவார். வேலியில் வாயை வைத்து, “நீங்க மௌத்தெண்டு நானாச் சொல்லல்ல, என்னில கோவிக்காதீங்க” என்று முணுமுணுப்பேன்.

நாற்பது நாள் போனது. செடிகள் ஒவ்வொன்றாகப் பழுத்து அடி அழுகத் தொடங்கின. சுல்பிகா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஊற்றமாட்டேன் என்றதால் தன் தம்பி றஊபைப் பிடித்து, தொழுதுவிட்டுக் கடலுக்குப் போகிற வழியில் ஊற்றச் சொன்னாளாம். இரண்டு கிழமையோடு நிறுத்தடா என்றால், அந்த மடையன் கடற்கரை உப்புக் கிணற்றில் அள்ளி அள்ளி நாற்பது நாளும் ஊற்றியிருக்கிறான். இனி வராதே என்று ஏசிவிட்டாளாம்.

றஊப். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அவர்கள் வாப்பாவின் நடை. அது எனக்கு ஏன் தோன்றாமல் போனது? வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அவன் முகத்தில் அறையவேண்டும் போலிருந்தது.

மறுநாள் சுபஹ் சத்தமில்லாமல் விடிந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. அன்றுதான் கலந்தர் மௌத்தானார். சுல்பிகாவைக் கூப்பிட்டு, வேறு கன்று நடச் சொன்னேன், றஊபே வந்து நாளாந்தம் தண்ணீர் ஊற்றட்டும் என்றேன்.

“நாளாந்தம் ஊத்தினா அழுகிப்போகும்கா.”

“அழுகட்டும். மறுகா நடுவம்.”

அவள் முகம் இறுகிவிட்டது. இத்தாவில் இருக்கிற பெண் கொழுந்தனைக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள். நான் மறைக்காமல் சொன்னேன்.

“அவன்ட நடை, மதினி. கண்ண மூடினாக் கலந்தர்தான்.”

எழுந்து போனாள். ஆனால் சாயந்தரம் கன்றுகள் நட்டிருந்தன. விடியமுன் அவளே வந்து, வேலிக்கு உள்ளே என்னோடு மணலில் குந்திக்கொண்டாள்.

காலடி வந்தது. சுல்பிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“காக்கா...” என்றாள். கண்ணீர் விரலுக்கு மேலால் வழிந்தது. ஓலையை விலக்க அவள் எழும்பப் போனாள். நான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

“பாக்காதீங்க, மதினி,” என்றேன். “பாத்தா றஊப்.”