இருக்கைக்கு அடியில் ஒரு திருகு

அம்மா ஜெயபாக்கியம் இறந்து நாற்பது நாள் கழிந்ததும் சத்தியநேசன் தன் பழைய ஆஸ்டின் காரின் சாவியைத் தங்கை ரெபேக்காளின் கையில் வைத்தான்.

"ஏழு வருசமா அம்மாவ நீதான் பாத்த. எனக்குத்தான் ஜீப்பு வந்திருச்சே. இது ஒனக்கு, பாப்பா. குரங்கணிக்கு வாடகைக்கு விட்டாக்கூட ஒன் கைச்செலவுக்கு ஆகும்."

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த குடும்பங்களில் எந்த அண்ணனும் தங்கைக்குக் கார் கொடுத்ததில்லை. ரெபேக்காள் "அண்ணே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ரெண்டு வருஷமாக ஓடாமல் கிடந்த வண்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த கன்னையனிடம் விட்டாள். மலையில் எஸ்டேட் டாக்டராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது சத்தியநேசனுக்கு விற்றுவிட்டுப் போன கார் அது. அதன் மேல்பூச்சு தெரிந்த அளவுக்கு உள்வயிறு யாருக்கும் தெரியாது. கன்னையன் ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, துரை செய்துவைத்திருந்த வேலைகள் வெளியே வந்தன. ரெபேக்காள் தினமும் காலையில் பட்டறைக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் நாலு விரற்கடை உயரத்துக்குத் தேக்குப் பலகை. கூரையின் உள்பக்கம் ரெண்டு கொக்கிகள். இடதுபக்கக் கதவில், வெளியே, வீட்டுக் கதவுக்குப் போடுவதுபோல ஒரு தாழ்ப்பாள்.

"தொரை குள்ளமாண்ணே?"

"ஆறடி ஆளு தாயி. தொரைசானிதான் குள்ளம்."

"அப்ப அந்தம்மாதான் ஓட்டியிருக்கு!"

கொக்கி துப்பாக்கி தொங்கவிட என்றான் கன்னையன். நோயாளியைத் தொட்டில் கட்டிக் கொண்டுவந்திருப்பார்கள் என்றாள் இவள். தாழ்ப்பாளுக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் விடை கிடைக்கவில்லை. "பொண்டாட்டிய உள்ள போட்டுப் பூட்டியிருப்பாரோ?" என்று கன்னையன் கேட்க, ரெபேக்காள் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் கன்னையன் டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருந்த காலடிப் பலகையைத் தூக்கினான். சீட்டை ஒட்டி, பெட்ரோல் போகும் செப்புக்குழாயின் நடுவே ஒரு பித்தளைத் திருகு.

"இதுக்கு என்ன கத சொல்லப்போறீங்க?" என்றாள் ரெபேக்காள்.

"இதுல ஏது கத? இது நான் வச்சதாக்கும்!" என்றான் கன்னையன் பெருமையாக. "ஒக்காந்த எடத்துல இருந்தே குனிஞ்சு மூடிரலாம். மூடுனா வண்டி கொஞ்ச தூரம் போயி நின்னுரும். எவனும் களவாண்டுட்டுப் போக முடியாது. அண்ணன்தான் கேட்டு வச்சாரு."

"எப்ப?"

"மதுரைக்கு டீச்சர் வேலைக்குப் படிக்க நேர்ல கூப்பிட்டாகன்னு போனீகள்ல, அதுக்கு மொத நாளு. விடியக்காலம் வண்டி வேணும், வெரசா முடின்னு கூடவே நின்னாரு."

ரெபேக்காள் முக்காலியிலிருந்து எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

அது ஐம்பதாம் வருஷம். அவளுக்குப் பத்தொன்பது வயது. யுத்தத்தில் பிடுங்கிய தண்டவாளத்தை இன்னும் திரும்பப் போடாததால் போடிக்கு ரயில் இல்லை. பஸ்ஸில் போகிறேன் என்றவளை, "பஸ்சுல எதுக்குக் கசங்கிப் போற? நான் கொண்டுபோயி விடுறேன்" என்று அண்ணன் தடுத்தான். ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான். கொஞ்ச தூரத்தில் வண்டி ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டேங்க்கில் குச்சி விட்டுப் பார்த்தவள் அவள்தான். பாதிக்கு மேல் நனைந்திருந்தது. அண்ணன் சட்டையெல்லாம் கரியாக்கிக்கொண்டு எதையெதையோ துடைத்தான். மதுரை பஸ் ஒன்று வந்தது. அவள் ஓடிப்போய்க் கை காட்டியபோது, "பொம்பளப் புள்ளயத் தனியாவா அனுப்புவேன்?" என்று பஸ்ஸைப் போகச் சொன்னான். பிறகு மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்று நடந்தான். மூன்று மணி நேரம் கழித்து, ஆள் கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்து, மறுபடி செருப்பு வாருக்குக் குனிந்துவிட்டு முடுக்கினான். வண்டி கிளம்பியது. மணி ஒன்று. பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் எழுதிப்போடலாம் என்றான். அடுத்த வருஷம், ஏற்கெனவே ஒரு கால் வாதத்தில் விழுந்திருந்த அம்மாவுக்கு இன்னொரு காலும் விழுந்துவிட்டது. அந்த வெயிலில் தனக்காக அவ்வளவு தூரம் நடந்தானே என்று, ஏழு வருஷமாக ராத்திரி ஜெபத்தில் அண்ணன் பெயரை அவள் விட்டதே இல்லை.

"கன்னையண்ணே, வண்டி இப்ப ஓடுமா?"

"ஓடும்."

"திருகை மூடிட்டு ஓட்டுங்க. நானும் வர்றேன்."

குரங்கணி ரோட்டில் போனார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டி மேடு ஏறும்போது வண்டி ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அதே இருமல். கன்னையன் அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது தாயி. சத்தியமாத் தெரியாது."

"ஒங்களச் சொல்லலண்ணே."

அங்கிருந்து நடந்தே அண்ணனின் ஏலக்காய்க் கடைக்கு வந்தாள். காய் பொறுக்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சத்தியநேசன் மட்டும் மேஜையில் இருந்தான்.

"ஆண்டிபட்டியில வண்டி நின்னுச்சே, திருகை மூடுனது நீங்களா?"

அவன் இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவன் தராசுத் தட்டை இப்படியும் அப்படியும் தள்ளி வைத்தான்.

"நீ போயிட்டா அம்மாவ யாரு பாப்பா? என் வீட்டுக்காரி பாக்க மாட்டேன்னுட்டா. நான் என்ன செய்ய?"

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா இருந்திருப்பியா?"

ரெபேக்காள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. "தெரியல. இனிமே தெரியவும் தெரியாது. அதையுந்தான நீங்க எடுத்துக்கிட்டீங்க."

போகத் திரும்பியவள் ஒன்றைக் கேட்காமல் போக முடியாமல் நின்றாள்.

"மெக்கானிக்கைத் தேடிப் போனீங்களே, அந்த மூணு மணி நேரம் எங்க இருந்தீங்க?"

"எங்கயும் போகல, பாப்பா." அவன் குரல் இளகியது. "மேல ஒரு பாறை மறைவுல ஒக்காந்திருந்தேன். ஒன்னத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. நீ காருக்கும் ரோட்டுக்கும் நடந்துக்கிட்டே இருந்த. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னான். ரெபேக்காள் வெளியே வந்தாள்.

அதன் பிறகு அந்தக் கார் வாடகைக்கு ஓடியது. ஓட்டியவன் கன்னையன். ரெபேக்காள் அதில் ஏறவில்லை. அண்ணன் வீட்டுப் படியும் ஏறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சத்தியநேசன் ஒரு பட்டுச்சேலையும் கேக்கும் கொண்டுவந்தான். அவள் வாங்கி வைத்தாள். உட்காரச் சொன்னாள். காப்பி கொடுத்தாள். மழையைப் பற்றி, காய் விலையைப் பற்றி அவன் பேசினான். அவள் ம் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவன் தோள்கள் இறங்கின, முகம் தெளிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"இன்னுங் கொஞ்சம் காப்பி இருக்கா, பாப்பா?" என்றான்.

"இருக்கு" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அண்ணே என்ற சொல் அவள் வாயில் அன்றும் வரவில்லை. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.